சுத்தம் செய்யும் என்று எழுதிய ஒரு வரி

1

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைப் போளூரில் ஒருவருக்கும் இதுவரை விளங்கவைக்க முடிந்ததில்லை. நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா கேட்பார், கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறாய் என்று. எழுதுகிறேன் என்பேன். புரோகிராமா என்பார். பெரும்பாலும் இல்லை, புரோகிராமை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுகிறேன் என்பேன். அதற்கா அவ்வளவு தூரம் போனாய் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கே மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிடுவார். இங்கே மழைக்கு மட்டும் குறைவில்லை, அதனால் பேச்சு நன்றாக ஓடும்.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். படமும் பொத்தானும் இல்லாத புரோகிராம்கள் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கமாண்டை அடிக்க வேண்டும். அதன் பின்னால் இரண்டு சிறு கோடு போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால், வேலை அதற்கேற்ப மாறும். அந்தச் சொல்லுக்கு ஆப்ஷன் என்று பெயர். எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்று தெரியாதவர்கள் ஹெல்ப் என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். ஆப்ஷனுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதுகிறவள் நான். உத்ரெக்ட் நகரத்து அலுவலகம் ஒன்றில் இதற்காகவே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மற்றவர்கள் மூன்று வரியில் இழுப்பதை நான் மூன்று சொல்லில் முடிப்பேன். கூட வேலை செய்பவர்கள் நீளமாக எழுதிவிட்டால் என்னிடம் கொண்டுவந்து, இதைக் கொஞ்சம் வெட்டிக்கொடு என்பார்கள். நானும் முடிதிருத்துபவர் மாதிரி சந்தோஷமாக வெட்டிக் கொடுப்பேன். அந்தக் கர்வம் போன வருடம் ஆயுத பூஜையன்று இறங்கியது. இந்த வருடப் பூஜை நெருங்குகிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2

என் அக்கா சுமதி போளூரில் இருக்கிறாள். ஜவ்வாது மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு விதைக் குழுவின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தச் சாமை விதை இருக்கிறது, எப்போது விதைத்தார்கள், எப்போது அறுத்தார்கள், அந்த வருடம் மழை எப்படி என்று எல்லாம் அதில் உண்டு. மழை பொய்த்து ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால், யார் வீட்டில் போய்க் கேட்கலாம் என்பதை அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நான்கு வருடம் அக்கா மலையில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியது. சொன்னவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

பதிவேடு இரண்டு இடத்தில் இருக்கிறது. போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் ஒரு கம்ப்யூட்டர், மலைமேல் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊரில் ஒரு லேப்டாப். மேலே இன்டர்நெட்டை நம்ப முடியாது. அதனால் ஒரு பென் டிரைவ் வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் ஏறி இறங்கும். அதைச் செருகி ஒரு கமாண்ட் அடித்தால், எது கடைசியாக மாறியதோ அதைப் பார்த்து மற்றது தன்னை மாற்றிக்கொள்ளும். அந்தக் கமாண்டை ஒரு விடுமுறையில் போயிருந்தபோது நான்தான் செய்துகொடுத்தேன். பதினொரு ஆப்ஷன், ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அந்த வரிகளை எழுதினேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை நன்றாகவே நுழைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று கிளீன் என்கிற ஆப்ஷன். சரிபார்க்கும்போது நான் போட்ட பொய்ப் பதிவுகளை அழிப்பதற்காக எனக்கென்று வைத்துக்கொண்டது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அழித்துவிடும், கேள்வி கேட்காது. வேலை முடிந்ததும் அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதற்கும் பட்டியலில் ஒரு வரி போட்டேன்: "சேமிப்பைச் சுத்தம் செய்யும்." எண்ணி மூன்று சொல்.

அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் கம்ப்யூட்டர் கற்றிருந்தாள். ஹெல்ப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். அதைப் படம் பிடித்து எனக்கும் அனுப்பினாள். எங்கள் அலுவலகத்தில் என் வரிகளை யாரும் லேமினேஷன் போட்டதில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

3

ஆயுத பூஜை இங்கே சாதாரண வேலை நாள். அன்று காலை நான் ஓர் அரசு அலுவலகத்தின் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். மகள் மலரின் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தில் தவறான கட்டத்தில் குறி போட்டிருந்தேன், படிவம் திரும்பி வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மாள், பின்பக்கத்துக் குறிப்பைப் படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தேன், இரண்டு முறை படித்தேன் என்று டச்சு மொழியில் சொல்ல நினைத்து, நாளைக்கும் படிப்பேன் என்று சொல்லிவைத்தேன். அவர் சிரித்துவிட்டு, புதுப் படிவம் கொடுத்து, கூடவே இருந்து நிரப்பியும் கொடுத்தார். இந்த ஊரில் எனக்கு நடந்த நல்லவற்றில் பாதி இப்படி முகம் தெரியாதவர்கள் செய்தவைதான். ஆனாலும் சைக்கிளில் அலுவலகம் போகும் வழியெல்லாம் அந்தக் குறிப்பை எழுதியவனைத் திட்டிக்கொண்டே போனேன். படிப்பவன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரியாதவனெல்லாம் எதற்கு எழுத வருகிறான் என்று.

மதியம் ரொட்டியைப் பிரித்தபோது அக்காவிடமிருந்து படம் வந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம். சுவரில் மாட்டிய என் பதினொரு வரிக்கும் நாலு மூலையில் பொட்டு. பார்த்ததும் மனசு குளிர்ந்துபோனது. அதன் கீழே எழுதியிருந்தாள்: வெளியே துடைத்தாயிற்று, உள்ளேயும் நீ எழுதின கிளீன் போட்டுச் சுத்தம் செய்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைக்காமல் பொட்டு வைப்பார்களா. மண்வெட்டியைக் கழுவுகிறோம், தையல் மெஷினுக்குள் இருக்கிற பஞ்சைத் தட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கு உள்ளே துடைக்க வழி என்ன என்று அவள் சுவரைப் பார்த்திருக்கிறாள். வழியைச் சுவரிலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன்.

போன் செய்தேன். இன்றைக்கு பென் டிரைவ் செருகினாயா என்று கேட்டேன்.

"செருகாம? அதுவும் சுத்தமாவட்டும்னு அடிச்சிட்டு, காளியப்பன்கிட்ட குடுத்துட்டேன். பூஜைக்குப் பொரி வாங்க வந்திருந்தாரு. பன்னெண்டு மணி பஸ்ல மேல போய்ட்டாரு."

காளியப்பன்தான் மலையில் அந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொள்பவர். சாமை விவசாயி, குழுவில் அவர் மனைவியும் இருக்கிறார். அவர் அந்த டிரைவைச் செருகி வழக்கம்போலக் கமாண்ட் அடித்தால், கடைசியாக மாறியது இந்த வெறும் பதிவேடுதான் என்று புரோகிராம் முடிவு செய்யும். மேலே இருப்பதையும் அழித்துவிடும். வேறு பிரதி கிடையாது.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப நாலு வருசமும் போய்ட்ச்சா" என்று மட்டும் கேட்டாள். தவறு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் எதற்கு, நோட்டிலேயே எழுதியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதிவேடு போனால் போகட்டும் என்று சொல்ல முடியாது. அதோடு சேர்ந்து, இனி இவள் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவளே தெளிந்து சொன்னாள், மேலேயும் இந்நேரம் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்திருப்பார்கள், வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொட மாட்டார்கள் என்று. மற்ற வாரமாக இருந்தால் காளியப்பன் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே செருகிவிடுவார். விஜயதசமி காலையில்தான் இனி எடுப்பார். ஒரு நாள் தொடாமல் வைப்பதால் கருவிக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கல்லூரி நாளில் வீட்டில் சண்டை போட்டவள் நான். அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் அந்த நிமிஷம் மனசுக்குள் கும்பிட்டேன்.

4

காளியப்பன் ஊரில் வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் மட்டும் கிடைக்கும். வேலூரில் படிக்கும் மகளோடு பேச தினமும் சாயங்காலம் அங்கே ஏறுவார் என்று அக்கா சொன்னாள். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்கக்கூட இல்லை, வீட்டுக்குப் போ என்றார். மழையில் சைக்கிளை மிதித்து வீடு வந்து, போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே மூன்று மணிக்கு, அதாவது அங்கே ஆறரைக்கு, அக்கா மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள்.

டிரைவைச் செருகவில்லை என்று காளியப்பன் சொன்னார். செருகவே வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள் என்றேன். அடுத்து, மேலே இருக்கும் பதிவேட்டைக் கீழே கொண்டுவர வேண்டும். மறுநாள் அக்கா முதல் பஸ்ஸில் புது டிரைவோடு வருவாள், அதில் கொடு என்கிற ஆப்ஷனைப் போட்டு அடியுங்கள் என்றேன். காளியப்பன் திருப்பிக் கேட்டார்.

"கொடுன்னா யாரு யாருக்குக் குடுக்கறதுங்க? பொட்டி குடுக்குதா, டிரைவ் குடுக்குதா?"

என் வரி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். "பதிவுகளைக் கொடுக்கும்." இரண்டே சொல்லில் முடித்திருந்தேன். பெட்டிதான் டிரைவுக்குக் கொடுக்கும் என்றேன். அவர் அதோடு விடவில்லை.

"சரிங்க. தப்பா அடிச்சிட்டா எங்களுக்கு இன்னா தெரியும்?"

என் வரியில் மறுபடியும் தேடினேன், அது அதில் இல்லை. அக்கா இடையில் புகுந்து விளக்கினாள். மலையில் வழி கேட்டால் சொல்லும் முறையே வேறாம். இந்தத் தடத்தில் போ என்று சொல்வதோடு விட மாட்டார்கள். பலாமரம் கண்ணில் பட்டால் தப்பாக வந்துவிட்டாய், அங்கேயே நில், வந்த வழியே ஓடைவரைக்கும் திரும்பு என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். தப்பு வழிக்கும் அடையாளம் சொல்லாவிட்டால் அது வழி சொன்னதாகவே ஆகாது. நான்கு வருடம் அந்த அடையாளங்களை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு நாள்கூட வழி தவறாமல் சுற்றியிருக்கிறாள்.

இத்தனை வருடமாக இதையே தொழிலாக வைத்திருக்கிறேன். ஓர் ஆப்ஷன் சரியாகப் போனால் என்ன செய்யும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். தப்பாகப் போனவன் திரையில் எதைப் பார்ப்பான், பார்த்ததும் எங்கே நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது. பார்த்துவிட்டு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

5

மறுநாள் அவர்கள் லேப்டாப் முன் உட்காரும்போது நான் போனில் இருக்க முடியாது. தாளில் உள்ளது மட்டும்தான் துணை. என் லேப்டாப்பில் அதே கமாண்டைப் போட்டு, சரியாகவும் தப்பாகவும் அடித்துப் பார்த்து, என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டு எழுதினேன். பள்ளி விட்டு வந்த மலரிடம் நீட்டினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. டச்சில் கனவு காண்கிறாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர மாட்டேன் என்று அந்த மாதம்தான் சண்டை போட்டிருந்தாள். ஆசிரியரிடம் நான் பேசினால் என் டச்சைத் திருத்துகிறவளுக்கு அன்று திருத்தக் கிடைத்தது என் தமிழ்.

தாளில் இருப்பதை மட்டும் செய், உனக்குத் தெரிந்ததைச் செய்யாதே என்றேன். முதல் வரியிலேயே நின்றாள். டிரைவை முதலில் செருக வேண்டுமா, கமாண்டை முதலில் அடிக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் எழுதவில்லை. மூன்றாவது வரியில், இரண்டு கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட வேண்டுமா என்று கேட்டாள். அதுவும் இல்லை. வேகமாகப் படிக்கிறவர்கள் இல்லாததைத் தாங்களே நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் எழுத்துக் கூட்டுகிறவள், அதனால் ஒன்றும் தப்பவில்லை. ஆறு முறை திருத்தினேன். ஆறாவது முறை அவள் எதுவும் கேட்காமல் செய்து முடித்தாள். தப்பாக அடிக்கச் சொன்னேன், அடித்தாள், தாளில் இருந்த அடையாளத்தைப் பார்த்துத் தானே நிறுத்தினாள். பெரியம்மாவுக்கு இது புரியும் என்றாள்.

தாள் இப்படி இருந்தது. பழைய டிரைவை எடுத்து வராதீர்கள். லேப்டாப்பைத் திறந்து, புது டிரைவைச் செருகிய பிறகு, கீழே உள்ளதை அப்படியே அடியுங்கள். இது லேப்டாப்பில் உள்ளதை டிரைவுக்குக் கொண்டுபோகும். அடித்ததும் திரையில் ஊர்ப் பெயர்கள் ஓடினால் சரியான வழி. ஊர்ப் பெயர் எதுவும் வராமல் முடிந்தது என்று மட்டும் வந்தால் தப்பான வழி. அங்கேயே நிறுத்துங்கள், எதையும் அடிக்காதீர்கள், டிரைவை எடுத்துவிட்டு மேட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்யுங்கள்.

அதுவரை நான் எழுதியதில் மிக நீளமான ஹெல்ப் அதுதான். அங்கே எட்டு மணி ஆவதற்குள் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பிரிண்ட் எடுக்கக் கடையைத் தேடி ஓடினாள். பூஜைக்காகக் கடைகளெல்லாம் மூடியிருந்ததால் கையால் எழுதிக்கொண்டாள்.

6

காலை ஏழு மணிக்கு மலரின் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே பத்தரை. பின்னால் காற்றுச் சத்தம், தொட்டி மேட்டில் நிற்கிறாள் என்று புரிந்தது.

"பேரெல்லாம் ஓடுச்சுடீ" என்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. எந்த ஊர் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று அவள் வரிசையாகச் சொன்னாள். காளியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினாராம். ஊர்ப் பெயரோடு, இப்போது உயிரோடு இல்லாதவர்களின் பெயர்களும் வந்தபோது அவற்றை வாய்விட்டுப் படித்ததாகச் சொன்னாள். மேட்டுக்கு ஏறும் முன்பே, அக்கா கூடவே கொண்டுபோயிருந்த இன்னொரு டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து அவர் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிவிட்டு வேலையை விடலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன் என்றாள். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை அது அவள் காதில் விழுந்தது.

"நா படிக்காம ஒண்ணும் செய்யல. நீ எழுதுனது பதினொண்ணும் எனக்கு மனப்பாடம். அந்த வரியில பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்லியே" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை அது. அதுதான் என்னைச் சுட்டது. பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நான் எழுதிய வரிகளை யாராவது முழுதும் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி படித்தாள் என்பது தெரியும். அவளுக்குத்தான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன்.

7

அடுத்த இரண்டு வாரம் பதினொரு வரியையும் மாற்றி எழுதினேன். கிளீனை எடுத்துவிடலாம் என்றேன். காளியப்பன் வேண்டாம் என்றார். பக்கத்து ஊர்களில் புதுக் குழு தொடங்கினால் வெறும் பதிவேடு ஒன்று தேவைப்படும் என்றார். சரி என்று வைத்தேன், ஆனால் பெயரையும் வரியையும் மாற்றினேன். உறுதி செய்ய ஒரு வாக்கியத்தை முழுதாகக் கையால் அடிக்க வேண்டும் என்றும் வைத்தேன். அலுவலகத்திலும் இப்போது தப்பு வழிக்கு அடையாளம் சொல்லாத வரியை நான் ஒப்புக்கொள்வதில்லை. நீளமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

புதுப் பட்டியலை அனுப்பிய மறுநாள், என் சாப்பாட்டு நேரம் பார்த்து அக்கா அழைத்தாள். முழுதும் படித்துக் காட்டப்போகிறேன், புரியாத இடத்தில் நிறுத்துவேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கும் குரலில் ஆறு ஆப்ஷன் படித்தாள். ஏழாவதில் குரல் தணிந்தது.

அனைத்தும் அழி: பதிவேட்டில் உள்ள எல்லா ஊரும் எல்லாப் பெயரும் அழிந்துவிடும். திரும்பக் கொண்டுவர முடியாது. பூஜைக்குத் துடைப்பதற்கு இது வேண்டாம், துணியால் வெளியே துடைத்தால் போதும். புதுக் குழு தொடங்குவதற்கு மட்டும் இது. உறுதி என்றால், "இந்தப் பெயர்கள் எல்லாம் அழியட்டும்" என்று முழுதாக அடிக்கவும்.

படித்துவிட்டு நிறுத்தினாள். புரியவில்லையா என்று கேட்டேன்.

"புரியுது. இத்த எப்பிடிடீ கையால அடிக்கறது? கை கூசுதே."

"கூசணும்னுதாங்கா எழுதுனேன்."

தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"அப்ப சரி. அடுத்தது படிக்கறேன், கேளு" என்றாள்.

இன்னும் நான்கு ஆப்ஷன் இருந்தன. எங்கள் மேஜையில் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் படித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.